தம்பியின் பெயரில் எடுத்த ரத்தம்

யோலிமா ரப்பர் பட்டையைத் தெயானிராவின் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். ஊசியை உறையிலிருந்து எடுத்தவள், குத்தாமல் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு மணி இருக்கும். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அர்னூபியோவின் குறட்டை மழையையும் மீறிக் கேட்டது. யோலிமா வந்திருப்பது அவனுடைய ரத்தத்தை எடுக்கத்தான். செவ்வாய்க்கிழமைதோறும் மருத்துவமனையிலிருந்து வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களிடமும் காலையில் எழுப்ப முடியாதவர்களிடமும் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. குழாயில் சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அர்னூபியோ ரியாஸ்கோஸ், ஆண், வயது முப்பத்து நான்கு.

"இன்னொரு தடவை யோசிச்சுக்கோடி தெயா. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"யாருக்குத் தெரியப்போகுது? ரத்தத்துல மூஞ்சியா வரைஞ்சிருக்கு?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டுன்னா உன்னை இந்த மழையில உட்கார வெச்சுக் கெஞ்சுவேனா? குத்துடி."

யோலிமா குத்தினாள். குழாய் நிரம்பியது. தெயானிரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருஞ்சிவப்பாக, கெட்டியாக, நல்ல ரத்தமாகத்தான் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் அவள் காய்ச்சல் என்று படுத்தது இரண்டே முறை. படகுத்துறையில் உயிர்காப்புச் சட்டைகளைத் தைத்துக்கொண்டு, நாள் முழுக்க உப்புக் காற்றில் உட்கார்ந்திருக்கும் உடம்பு. தம்பியின் ரத்தம்தான் வாரா வாரம் இறங்குகிறது, தன் ரத்தம் இறங்க ஒரு காரணமும் இல்லை என்று அவள் முழுதாக நம்பினாள்.

அவன் சாப்பிடும் மாத்திரைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அது சிலருக்கு ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களைக் கொன்றுவிடுமாம். அதனால் வாரம் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அர்னூபியோவுக்குப் பதினோரு வாரமாக ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து அறுநூறு என்று வந்து, போன வாரம் ஆயிரத்து ஐந்நூற்று இருபதில் நின்றிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மாத்திரை, இதே கதை. ஆயிரத்து நானூறு என்று வந்ததும் அப்போதிருந்த டாக்டர் நிறுத்தினார். ஒரு வாரத்தில் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். பதினோராம் நாள், சதுப்புக் காட்டில் சிப்பி பொறுக்கப் போன பெண்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். மாங்குரோவ் வேர்களுக்கு நடுவே மார்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தான். படகு எஞ்சின்கள் எல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகவும், சேற்றுக்குள் இருந்தால்தான் சத்தம் குறைவதாகவும் சொன்னான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கக்கூடாது என்று தெயானிரா தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு கொடுத்துப் பார்த்த நான்கு வகை மாத்திரைகளும் அவனைத் தூங்கவோ நடுங்கவோ வைத்தனவே தவிர, எஞ்சின்களின் பேச்சை நிறுத்தவில்லை. இது நிறுத்தியது. வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு பெருத்தது, பத்து மணிவரை தூங்கினான். ஆனால் எழுந்தபின் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வந்து, எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்த்தான். அவை வெறும் எஞ்சின்களாக இருந்தன.

அதற்காகத்தான் இந்தத் திருட்டு. யோலிமா குழாயைப் பெட்டிக்குள் வைத்து, முகம் கொடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் மதியமே டாக்டர் லொண்டோன்யோவிடமிருந்து அழைப்பு வந்தது. மலைப்பக்கத்து ஊரிலிருந்து இந்தத் துறைமுக ஊரான புவெனவெந்துராவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகாத இளைஞர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பேசுவார். தெயானிரா போய் உட்கார்ந்ததும் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு."

அவளுக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. வேறு யாருடைய எண்ணையோ சொல்கிறார் என்று நினைத்தாள்.

"எது டாக்டர்?"

"உங்க தம்பியோட வெள்ளையணு. அது மட்டும் இல்ல தெயானிராம்மா, சிவப்பணுவும் இறங்கியிருக்கு. ரெண்டும் ஒரே வாரத்துல இறங்கினா, ரத்தம் ஊறுற இடமே காய ஆரம்பிச்சிருக்குன்னு நான் சந்தேகப்படணும். இன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீங்க. நாளைக்கு அவரை நேரா ஆய்வகத்துக்குக் கூட்டிட்டு வாங்க, மறுபடியும் எடுக்கணும். காலி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன். கூட்டத்துக்குள்ள விடாதீங்க. காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு ஓடி வந்துடணும்."

"இது மெஷின் தப்பா இருக்காதா?"

"இருக்கலாம். அதுக்காகத்தான் நாளைக்கு எடுக்கச் சொல்றேன்."

வெளியே வந்து மருத்துவமனைச் சுவரோரமாக நின்றாள். உள்ளே போய், டாக்டர் அது என் ரத்தம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் யோலிமா ஒழிந்தாள். சொல்லாவிட்டால் மாத்திரை ஒழிந்தது. நாளைக்குத் தம்பியைக் கூட்டிப்போனால் அவனுடைய உண்மையான ரத்தம் வேறு எண்ணைச் சொல்லும், அப்போதும் குட்டு உடையும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் யோசிக்கவே பயந்த ஒன்று இருந்தது. அவள் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. அப்படியிருக்க, அவளுடைய ரத்தம் ஏன் காய்கிறது?

அடுத்த நாள் அவள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. தம்பி வர மறுக்கிறான் என்று தொலைபேசியில் சொன்னாள். அன்று முழுவதும் படகுத்துறையில் உட்கார்ந்து தைத்ததையெல்லாம் மறுநாள் பிரிக்க வேண்டியிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துக் கண்ணாடியில் பார்த்தாள். ஈறுகளை அழுத்திப் பார்த்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த மீனை முன்னால் வைத்துக்கொண்டு, பசிக்கிறதா இல்லையா என்றுகூட முடிவு செய்ய முடியாமல் ஆறவிட்டாள். ஒருவேளை இது குடும்பத்தோடு ஒட்டிய நோயோ? அம்மா நன்றாகத்தானே எண்பதுவரை இருந்தாள். ஒருவேளை யோலிமா குழாயை மாற்றிவிட்டாளோ? இரண்டு நாளாக அவளிடம் கேட்கவும் வழியில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்புறம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்று சாயங்காலமே அர்னூபியோ மாத்திரைக்குக் கை நீட்டினான். தன் ரத்தமே இறங்கியிருக்கும்போது அவனுடையது எங்கே போயிருக்குமோ என்று, கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்னிக்கு வேண்டாமாம். டாக்டர் சொன்னார்."

"ஏன், என் ரத்தம் மறுபடியும் கெட்டுப் போச்சா?"

"கொஞ்சம்."

அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெல்லத் தண்ணீரைக் குடித்தான். இரண்டாம் நாள் அவன் தூங்கவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து, விடிவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சனிக்கிழமை காலை அவள் படகுத்துறைக்குப் போனபோது, அவன் பிரித்து வைத்திருந்த எஞ்சினின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சுகளை மிகவும் கவனமாகப் போட்டான்.

"என்னடா பண்றே?"

"சும்மா. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்."

தெயானிரா உயிர்காப்புச் சட்டைகளின் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தாள். சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததை, ஒன்று விடாமல் அவனிடமே சொன்னாள். யாரிடமும் சொல்ல முடியாததை, இப்போது யாருடைய பேச்சையும் நம்ப முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவனிடம் சொல்கிறோமே என்று பாதியில் தோன்றியது. நிறுத்தவில்லை.

அவன் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"ஆக, என் மாத்திரையை நிறுத்தினது உன் ரத்தம்."

"ஆமா."

"பைத்தியம்னு ஊர்ல என்னைச் சொல்றாங்க." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "அப்போ உனக்கு என்ன தெயா?"

"தெரியல."

"சாகப் போறியா?"

"தெரியலடா."

"செருப்பைப் போடு. கிளம்பு."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் கடக்கும்போதும் இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். மற்றொரு காதைப் பொத்த அவளுடைய மணிக்கட்டை விட வேண்டும், அதை மட்டும் அவன் செய்யவில்லை. இப்படியே மருத்துவமனை ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆய்வகத்தின் பொறுப்பாளர் மிரியம் சினிஸ்தெர்ரா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரி, கதவைப் பூட்டப் போகும் நேரம். அர்னூபியோவின் பெயரைக் கேட்டதும் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நீங்கதானா? வாங்க கண்ணு, உட்காருங்க. மூணு நாளா உங்களைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். போன வாரம் பதினஞ்சு இருந்த சிவப்பணு அளவு இந்த வாரம் பதினொண்ணரை. ஒரு ஆம்பளை ஒரே வாரத்துல இவ்வளவு ரத்தத்தை எங்க போய்க் கொட்டினான்னு எனக்குப் புரியவே இல்ல. எங்கயாவது அடிபட்டுச்சா?"

"அது நான் இல்ல. இவ," என்றான் அர்னூபியோ.

மிரியம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று தெயானிரா தலையைக் குனிந்துகொண்டாள். மிரியம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இருவருக்கும் ரத்தம் எடுத்தாள். மெஷின் ஓடும் சத்தத்தைத் தாங்க முடியாமல் அர்னூபியோ வராந்தாவில் போய் நின்றான். கால் மணி நேரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. அவனுக்கு ஆயிரத்து நானூற்று எண்பது. அவளுக்கு ஆயிரத்து இருநூற்று முப்பது.

"எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள் தெயானிரா.

"காய்ச்சல் வருதா? புண் ஆறாம இருக்கா? மெலிஞ்சு போறியா?"

"இல்ல."

"அந்தப் பதினொண்ணரை ஒரு பொம்பளைக்குப் பயப்படற அளவு இல்ல. வெள்ளையணு எனக்கே எவ்வளவு தெரியுமா? ஆயிரத்து முந்நூறு. படிக்கிற காலத்துல நாங்க ஒருத்தருக்கொருத்தர் ரத்தம் எடுத்துப் பழகுவோம். என்னோடதைப் பார்த்துட்டு வாத்தியார் நான் குழாயைச் சரியாக் கலக்கலன்னு திட்டினார். மூணு தடவை எடுத்தார், மூணு தடவையும் அதேதான். அப்புறம் ரெண்டு மாசம் எனக்குப் புத்துநோய்னு நானே முடிவு பண்ணி அழுதுக்கிட்டு இருந்தேன்."

பிறகு, ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் வட்டம் ஒன்று வரைந்து விளக்கினாள். சிவப்பணுவின் மேல்தோலில் டஃபி என்று ஒரு புரதம் இருக்கும். யாரோ ஒரு நோயாளியின் பெயராம். உடம்பின் ஓர் இடத்தில் காயமோ கிருமியோ வந்தால், இங்கே வாருங்கள் என்று ரத்தத்தில் சேதி போகும். அந்தச் சேதிகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விடுவதும் இந்தப் புரதத்தின் வேலை. மலேரியாவில் ஒரு வகை, இதைக் கதவாக வைத்துத்தான் பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் நுழையும். அவர்களைப்போல ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சத்தில் நிறையப் பேருக்குச் சிவப்பணுவில் இந்தப் புரதமே கிடையாது. அவர்களுக்கு ரத்தக் குழாயில் ஓடும் வெள்ளையணுக்கள் குறைவாக இருக்கும். தேவைப்படும்போது சண்டைக்கு வந்துவிடும், எண்ணும்போது மட்டும் அகப்படாது.

"அப்போ எங்களுக்கு ஒரு சாமான் குறையுதா?"

"குறைன்னும் சொல்லலாம். அது இல்லாததாலதான் நம்ம ஆளுங்க அந்தக் காய்ச்சல்ல சாகாம தப்பிச்சாங்கன்னும் சொல்லலாம்."

"இது நல்லதா கெட்டதா?"

"அதை ரத்தத்துக்கிட்ட கேட்கணும் கண்ணு. ஆயிரத்து ஐந்நூறுங்கிற கோட்டைப் போட்டவங்க வேற ஆளுங்க ரத்தத்தை எண்ணிப் போட்டாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் புரதம் இல்லைன்னு நான் சும்மா வாயால சொல்ல முடியாது. காலிக்கு அனுப்பிப் பார்க்கணும்." மிரியம் காகிதத்தை மடித்தாள். "ரத்தம் எடுத்தது யாருன்னு நான் கேட்கல. ஆனா திங்கட்கிழமை கேட்பாங்க. பதிவேட்டுல பேர் இருக்கு."

திங்கட்கிழமை கேட்டார்கள். தெயானிரா யோலிமாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. யோலிமாவை மூன்று மாதத்துக்கு வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்று சாயங்காலமே தெயானிரா அவள் வீட்டுக்குப் போனாள். யோலிமா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"உன் தம்பிக்கு மாத்திரை கொடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ நான் எதுக்குடி இதைப் பண்ணேன்?"

யோலிமா கதவைச் சாத்தினாள். தெயானிரா அந்தக் காரியத்தைச் செய்யாமலிருந்தால், அர்னூபியோவின் எண் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் என்று வந்திருக்கும், மாத்திரை நின்றிருக்கும், டஃபி என்ற பெயரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். செய்ததால் அதே மாத்திரைதான் நின்றது, யோலிமாவின் வேலையும் நின்றது. ஆனால் செய்ததால்தான் இரண்டு காகிதங்கள் அருகருகே வைக்கப்பட்டன. இதில் எது தப்பு, எது சரி, எதற்கு அழுவது, எதற்கு நன்றி சொல்வது என்று பிரித்தெடுக்க முடியாமல், சாத்திய கதவின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

காலியிலிருந்து முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவள் படகுத்துறைக்குப் போகவில்லை. அர்னூபியோ வீட்டுக்குள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை அவளைப் பார்த்து, நீ யார் அனுப்பி வந்தவள் என்று கேட்டான். ஒரு முறை, நன்றாகத் தெளிந்த முகத்தோடு, உன் ரத்த முடிவு வந்ததா, நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டான். அவள் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

முடிவில் இருவருக்கும் அந்தப் புரதம் இல்லை என்று வந்தது. டாக்டர் லொண்டோன்யோ அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேறு சில காகிதங்களையும் படித்தார். கோபம் அவர் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் அவள்மேலா, தன்மேலா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை போலிருந்தது.

"இந்த மாதிரி ரத்தம் இருக்கிறவங்களுக்குக் கோட்டைக் கீழ இறக்கலாம்னு இருக்கு. ஆயிரத்துக்குக் கீழ போகாம இருந்தா ஆரம்பிக்கலாம். நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க இல்ல, ஆனா அப்பவே யாராவது பார்த்திருக்கணும்."

"அப்போ இனிமே பயமில்லை."

"அப்படிச் சொல்லல. மாத்திரை அவரோட ரத்தத்தை நிஜமாவே குறைக்கவும் குறைக்கலாம். பிறவியால எவ்வளவு, மாத்திரையால எவ்வளவுன்னு எண்ணைப் பார்த்து என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. வாரா வாரம் எண்ணிக்கிட்டேதான் இருக்கணும். நீங்க இதுல கையெழுத்துப் போடணும்."

"உங்களுக்கே தெரியலன்னா நான் எதுக்குக் கையெழுத்துப் போடறேன்?"

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "தெரியலங்கிறதுக்குத்தான்."

அவள் போட்டாள்.

பதினைந்து நாள் இடைவெளி விட்டதால் பழைய அளவைக் கொடுக்க முடியாது என்று, கால் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் மாதம் முடிவதற்குள் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. தெயானிரா ஒரு துண்டைத் துவைத்து அவன் தோளில் போட்டாள். இரண்டாம் மாதம் அவன் படகுத்துறைக்கு வந்தான். கயிற்றை அவிழ்த்து, காய்ந்து விறைத்துப்போன துணியை எஞ்சினிலிருந்து உரித்தெடுத்தான். முன்புபோல வேகமாகக் கை ஓடவில்லை. ஒரு திருகைக் கழற்றிவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது ரத்தம் எடுக்க வருபவன் யாரோ ஒரு புதியவன், பேசமாட்டான். எண்கள் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூற்றைம்பது, ஆயிரத்து இருநூறு என்று ஏறியும் இறங்கியும் வந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மிரியத்திடம் கேட்டால், ஆயிரத்துக்கு மேலே இருக்கிறதல்லவா, போய்ச் சாப்பிடு என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அபூர்வமாக மழை விட்டு வெயில் அடித்தது. ஆற்றின் மேல்கரை ஊர்களிலிருந்து பெரிய படகு வந்து துறையில் ஒட்டியது. தெயானிரா ஊசியில் நூலைக் கோத்தபடி பார்த்தாள். வாழைத்தார்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் இறங்கினார்கள். இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு கூடையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். ஒரு கிழவர் இரண்டு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பலகையில் தடுமாறாமல் நடந்து வந்தார். அறுபது எழுபது பேர் இருக்கும், எல்லோரும் அவளைப்போலக் கறுத்தவர்கள். இவர்களில் எத்தனை பேருடைய ரத்தத்தை எண்ணினால் டாக்டர்கள் பயந்துபோவார்கள்? யாரும் எண்ணவில்லை. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, சாமான்களை இறக்கி வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எண்ணாமல் இருப்பது நல்லதா என்றால், அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்குப் பின்னாலிருந்து அர்னூபியோ இருமினான். ஒரே ஒரு இருமல். அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு எழுந்து போனாள். அவன் கிரீஸ் கைகளை விரித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவள் அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"வெயில் தெயா. காலையில இருந்து வெயில்லதானே நிக்கிறேன்."

"பேசாம இரு."

ஒரு கையை அவன் நெற்றியிலிருந்து எடுக்காமலே, மறு கையைத் தன் நெற்றியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்கள் வாழைத்தார்களோடு அவர்களைச் சுற்றி விலகி நடந்தார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று அவள் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.